குழந்தை கைவைத்த கார் செட்: வீட்டிலேயே பார்க்கும் முறை

காரில் பாட்டுப் போடும் செட்டின் சி.டி. வாயில் குழந்தை காசு போட்டதால் மட்டும் செட் செத்துப்போவது அபூர்வம். "ஓடுதான்னு பார்க்கலாம்" என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சாவியைப் போடுவதும், காசை எடுக்கிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குடைவதும்தான் பெரும்பாலான செட்டுகளைக் கெடுக்கின்றன. அதனால் என்ன நடந்தது என்று தெரிந்ததும் முதல் வேலை கரண்டை நிறுத்துவது.

சாவியை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. செட்டுக்கு இரண்டு வழியில் 12 வோல்ட் வருகிறது. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும். மஞ்சள் வயரில் ஸ்டேஷன் நினைவுக்காக எந்நேரமும் கரண்ட் நிற்கும். உள்ளே இளநீரோ காசோ இருந்தால், வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் அந்த மஞ்சள் வயர் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். ஃப்யூஸ் பெட்டியில் ஆடியோ, ரேடியோ, பேக்கப் என்று குறித்திருக்கும் ஃப்யூஸ்களைப் பிடுங்குங்கள். எது என்று புரியாவிட்டால் 10 ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸைத் தொட வேண்டாம். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சில கம்பெனி செட்டுகள் கரண்ட் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை வண்டிப் புத்தகத்தோடு இருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் உள்ளே தண்ணீர் போயிருந்தால் அட்டையைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

அடுத்தது குழந்தையிடம் கேட்பது. திட்டினால் மறைத்துவிடும். "சாமி, எத்தனை காசு போட்ட? வேற என்ன போட்ட?" என்று விளையாட்டாகக் கேட்டால் உண்மை வரும். ஒரு காசை எடுத்துவிட்டு மூடி, உள்ளே இன்னும் இரண்டு கிடந்தால் எல்லா வேலையும் மறுபடி செய்ய வேண்டும். செட்டின் ரிமோட் உடைந்து, உள்ளிருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியைக் காணோம் என்றால் செட்டை அப்படியே விடுங்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். நாளை காலை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

உள்ளே எதுவும் போகவில்லை, பட்டன்களை மட்டும் அழுத்தி விளையாடியது என்றால் செட்டைக் கழற்றவே வேண்டியதில்லை. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினால் பேலன்ஸ், முன்பக்கம் மட்டும் பாடினால் ஃபேடர் ஒரு மூலைக்குப் போயிருக்கும். படம் தெரிகிறது, சத்தமே இல்லை என்றால் மியூட்டையும், சோர்ஸ் ஆக்ஸில் (வெளி வயர் வழிப் பாட்டு) நிற்கிறதா என்பதையும் பாருங்கள். மொழி சீனமாகவோ அரபியாகவோ மாறியிருந்தால் பதறாதீர்கள். பல் சக்கரப் படம் போட்ட செட்டிங்ஸுக்குள் போய்க் கோள உருண்டைப் படத்தைத் தேடினால் மொழிப் பட்டியல் வரும். முகப்பில் ஊசி நுழையும் அளவு சின்ன ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் ரீசெட். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக அழுத்துங்கள். சுத்தி வலைத்துணி போட்ட ஓட்டையாக இருந்தால் அது மைக். அதில் குத்தக் கூடாது.

செட் மொத்தமாக உயிரில்லாமல் கிடந்தால், கியருக்கு முன்னால் இருக்கும் சிகரெட் லைட்டர் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு உண்டியல் மாதிரி தெரிகிற இடம் அது. நடுக்கம்பிக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே காசு விழுந்தால் நேரடி ஷார்ட், ஃப்யூஸ் போய்விடும். சில வண்டிகளில் அந்தக் குழிக்கும் செட்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான். செட்டுக்குக் கீறல்கூட விழுந்திருக்காது, ஆனால் பாடாது. பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகு காசை எடுத்து, அதே ஆம்பியர் ஃப்யூஸைப் போடுங்கள். பிளேடு ஃப்யூஸில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். 10 போன இடத்தில் 20 போடுவதும், ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுவதும் வயரிங்கை எரிக்கும் வேலை. புது ஃப்யூஸும் உடனே போனால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மூன்றாவது ஃப்யூஸை வீணாக்காமல் செட்டை வெளியே எடுங்கள்.

செட்டை வெளியே எடுப்பது

வேண்டியவை: நடுத்தர ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், அதன் பொடி சைஸ் ஒன்று, பிளாஸ்டிக் நெம்பி, மல்டிமீட்டர், நீள மூக்கு இடுக்கி, ஸ்க்ரூ போட்டுவைக்க எவர்சில்வர் கிண்ணம், விரிக்க ஒரு பழைய துண்டு. கிளறும் முன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பேட்டரி மைனஸைக் கழற்றி ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஏர்பேக் வண்டியென்றால் இந்தக் காத்திருப்பு கட்டாயம். அதன் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கியிருக்கும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளக்), மஞ்சள் உறை போட்ட வயர்க் கட்டோ தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதைக் கழற்றவும் கூடாது, மீட்டர் வைத்துப் பார்க்கவும் கூடாது. செட்டின் மஞ்சள் வயர் தனி வயராக, செட்டின் கப்ளருக்குள் போகும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செட்டைச் சுற்றியுள்ள ஃபேஸியா (பிளாஸ்டிக் சட்டம்) பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும். கீழ் மூலையில் நெம்பியைச் செருகி, கிளிப் இருக்கும் இடமாகப் பார்த்து நேராக உங்கள் பக்கம் இழுங்கள். கரூர், ஈரோடு வெயிலில் பத்து வருடம் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் நொறுங்கும் பக்குவத்தில் இருக்கும்; ஒரே மூச்சில் பிடுங்காமல் ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஹசார்டு சுவிட்ச் ஃபேஸியாவிலேயே இருந்தால் அதன் கப்ளர் வயரோடு தொங்கும், நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். உள்ளே செட்டைப் பிடித்திருப்பது வழக்கமாக நான்கு ஸ்க்ரூ. டின் என்பது செட் முகப்பின் அளவு: ஒற்றை டின் செட் 180க்கு 50 மி.மீ., டபுள் டின் 180க்கு 100 மி.மீ.; வெளியில் வாங்கிப் போட்ட ஒற்றை டின் செட் தகரக் கூட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் தகட்டுச் சாவி விட்டு இழுக்க வேண்டும். பக்கவாட்டு ஸ்க்ரூக்களைத் தனியாக வையுங்கள். அவை குட்டையானவை. திரும்பப் பூட்டும்போது நீள ஸ்க்ரூ போட்டால் தகரத்தைத் தாண்டி உள்ளே சி.டி. மெக்கானிசத்தில் குத்தும்.

ஏரியல் வயரைத் தலையைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்து எஃப்.எம். இரையத் தொடங்கும்.

காசு, சீட்டு, முறுக்குத் துணுக்கு

வாயிலேயே காசு தெரிகிறது என்றால் மேல் மூடியைத் திறக்காமல் ஒரு முயற்சி செய்யலாம். ஐஸ் குச்சியின் நுனியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, காசின் மேல் அழுத்தி வெளியே இழுங்கள். கரண்ட் இல்லாதபோது மட்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். பத்து ரூபாய் ஒட்டாது. ஆனாலும் காந்தக் குச்சியை உள்ளே விடச் சொல்ல மாட்டோம். சி.டி. லென்ஸைத் தாங்குவதே மெல்லிய கம்பியும் குட்டிக் காந்தமும்தான். வெளிக் காந்தம் இழுத்தால் லென்ஸ் கோணும், பிறகு எந்த சி.டி.யும் படிக்காது. ஒரு ரூபாய்க் காசு தானாகவே அந்தக் குட்டிக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

வரவில்லை என்றால் மேல் மூடியின் பொடி ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். வாரண்டி ஸ்டிக்கர் கிழியும் என்பதால் வாரண்டி பாக்கி இருக்கும் செட்டை இந்த இடத்தில் நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். மூடிக்குக் கீழே மெக்கானிசம் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். அதற்குள் ஸ்ப்ரிங்கும் ரப்பர் குமிழும் இருக்கும். வண்டி குதிக்கும்போது பாட்டு தாவாமல் இருக்க வைத்தது. அதைக் கழற்ற வேண்டாம், வெளிக் கூட்டோடு தூக்குங்கள். அடியில் பட்டையான ஃப்ளெக்ஸ் கேபிள் போர்டுக்குப் போகும். அதன் சாக்கெட்டில் பூட்டு உண்டா என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் கறுப்புப் பட்டையை நகத்தால் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் இரு முனையையும் பிடித்து முன்னால் தள்ள வேண்டும். பூட்டைத் திறக்காமல் இழுத்தால் சாக்கெட் உடையும். பூட்டில்லாத சாக்கெட்டில் கேபிளை நேராக உருவினால் போதும்.

காசு வழக்கமாக முன்பக்க ரப்பர் உருளைக்குப் பின்னாலோ, மெக்கானிசத்தைத் தாண்டி அடிப் போர்டிலோ கிடக்கும். செட்டை வாய் கீழே பார்க்கும்படி துண்டின் மேல் சாய்த்து லேசாகத் தட்டினால் பாதி வெளியே விழும். மிச்சத்தை இடுக்கியால் எடுங்கள். அடிப் போர்டில் காசு கிடந்த இடத்தில் கருகிய கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கறை இருந்தால் ஐ.சி. (சிப்) போயிருக்கலாம், அதைச் சுத்தம் செய்து மட்டும் பலனில்லை. பஸ் டிக்கெட், ஸ்டிக்கர் மாதிரி காகிதம் உருளையில் சுற்றியிருந்தால் இழுத்துக் கிழிக்காமல் பல் சக்கரத்தை விரலால் சுற்றி வெளியே கொண்டுவாருங்கள். முறுக்கு, தட்டுவடை எண்ணெய் பட்ட உருளை சி.டி.யைப் பிடிக்காமல் வழுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பிடி வந்துவிடும். லென்ஸுக்கும் அதே ஆல்கஹாலை இயர்பட்டில் தொட்டு ஒரே ஒரு சுற்று, அழுத்தாமல். மூடி திறந்திருக்கும்போது செட்டை ஓட்டி லென்ஸை எட்டிப் பார்க்காதீர்கள். சி.டி. லேசரின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, மங்கலாகத் தெரிந்தாலும் விழித்திரைக்கு ஆபத்து.

இளநீர், பால், ஜூஸ்

இதில்தான் அவசரமும் பொறுமையும் இரண்டும் வேண்டும். வெறும் தண்ணீர் காய்ந்தால் அதிகம் மிஞ்சாது. ஜூஸிலும் கரும்புச் சாற்றிலும் சர்க்கரை பிசினாக நின்று பட்டன்களைப் பிடிக்கும். பாலில் கொழுப்பு தங்கி நாற்றமெடுக்கும். பொள்ளாச்சி ரோட்டில் வாங்கிக் குடித்த இளநீர் இவற்றைவிட மோசம். அதிலிருக்கும் பொட்டாசியம் உப்பால் கரண்ட் நன்றாகக் கடக்கும், செம்புப் பாதைகள் பச்சை பூத்துவிடும். அரிசிச் சாக்குக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது, டேஷ்போர்டில் வெயிலில் வைப்பது மூன்றும் உதவாது. உப்பும் சர்க்கரையும் காயும்போதுதான் போர்டில் இறுகும்.

செட்டைக் கழற்றி, முகப்பைப் பிரித்து, எல்.சி.டி. திரையைத் தனியே எடுத்து வையுங்கள். திரையும் டச் கண்ணாடியும் நனையக் கூடாது. சி.டி. மெக்கானிசத்தையும் கழுவக் கூடாது. போர்டை மட்டும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவுங்கள். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் உப்பை விட்டுப்போகும், வேண்டாம். மெத்தென்ற பழைய பல் துலக்கும் பிரஷால் கப்ளர் காலிடுக்கு, பட்டன் அடி, ஐ.சி. கால்கள் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். ஆல்கஹால் பிறகுதான் வர வேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பலர் நேரடியாக ஆல்கஹால் அடித்துவிட்டுப் பட்டன் இன்னும் ஒட்டுகிறது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். தண்ணீர் வடிந்ததும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு தரம் அலசினால் இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். சானிடைசர், தின்னர், பெட்ரோல் எதுவும் மாற்று ஆகாது. ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

நிழலில் ஃபேன் காற்றில் 24 மணி நேரம் காயட்டும். போர்டில் தகர மூடி போட்ட புளூடூத், ட்யூனர் பெட்டிகள் இருந்தால் 48 மணி நேரம். அதற்குள் ஈரம் ஒளிந்திருக்கும்.

காய்ந்ததும் நேராக வண்டியில் மாட்டாதீர்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு எடுத்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாகச் செட்டின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும், மைனஸைக் கறுப்புக்கும் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே கழற்றிவிடலாம், பல்பு இருப்பதால் செட் கருகாது. மங்கலாக எரிந்தோ எரியாமலோ செட் விழித்தால் கழுவல் பலித்தது. இந்தச் சோதனையில் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

வண்டியில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். செட்டில் கொட்டியது கீழே கியர் பக்கம்தான் வழியும். பல கார்களில் ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டி அந்த நடுப்பகுதியின் அடியில் இருக்கிறது. டேஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால் அது வீட்டு வேலை இல்லை, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

யு.எஸ்.பி. வாய்

பென் டிரைவை மேலும் கீழும் ஆட்டி உடைப்பது அடுத்த வழக்கமான சேதம். உள்ளே நாக்கு உடைந்து நான்கு பின்களும் ஒன்றையொன்று தொட்டால் 5 வோல்ட் ஷார்ட் ஆகிச் செட் அந்த வாயை நிறுத்திவைக்கும். முதலில் கரண்ட் இல்லாமல் உடைந்த துண்டை இடுக்கியால் எடுங்கள். கம்பெனி செட் உள்ள பல வண்டிகளில் யு.எஸ்.பி. வாய் தனிப் பகுதி. கியர் பக்கம் பேனலில் இருக்கும், ஒரு கேபிள் செட்டுக்குப் போகும். அந்த வாயை மட்டும் மாற்றினால் போதும், சால்டரிங்கே வேண்டாம்.

வாய் செட்டின் முகப்புப் போர்டில் பதிந்திருந்தால் 25 முதல் 35 வாட் சால்டரிங் அயன், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல் வேண்டும். நான்கு சின்னக் காலைவிட இரண்டு பெரிய உலோகக் கால்கள்தான் தொல்லை. அவை எர்த் பாதையோடு சேர்ந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் முழுவதும் உருகும் முன் நெம்பினால் செம்புத் தடம் போர்டைவிட்டு உரிந்து வரும். புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் பழைய ஈயம் இளகும், பிறகு உறிஞ்சுங்கள். உதிரி வாய் கோவை காந்திபுரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் கால் இடைவெளி பார்த்து வாங்குங்கள். கேபிள் வழி ஒட்டுவதென்றால் சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ், கறுப்பு எர்த். வெள்ளையும் பச்சையும் மாறினால் போன் சார்ஜ் ஏறும், பென் டிரைவ் படிக்காது. முடித்ததும் கரண்ட் கொடுக்கும் முன் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டரில் ஷார்ட் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கரண்ட் கொடுத்ததும் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

ஈயப் புகை குழந்தைக்கு ஆகாது. வேலை முடிந்து கை கழுவி, மேஜையை ஈரத் துணியால் துடைக்கும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

குமிழ், திரை, ஸ்பீக்கர்

வால்யூம் குமிழைப் பிடுங்கியதில் பிளாஸ்டிக் கழுத்து மட்டும் விரிந்திருந்தால் அதன் மேல் ஹீட் ஸ்லீவ் துண்டு போட்டுச் சுருக்கி மறுபடி மாட்டலாம். உடனே ஒட்டும் பசையை விட்டால் தண்டு வழியாக உள்ளே இறங்கி, குமிழ் சுழல்வதை உணரும் என்கோடரையே பூட்டிவிடும். குறைக்கத் திருப்பினால் சத்தம் கூடுகிறது என்றால் என்கோடருக்குள் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் சிறிது அடித்து இருபது முப்பது முறை இருபக்கமும் சுழற்றுங்கள். சரியாகாவிட்டால் ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் இரண்டு கால் உள்ள அதே வகை என்கோடரை, தண்டின் நீளம் பார்த்து வாங்கி மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டில் கண்ணாடி கீறலிட்டும் படம் தெளிவாகத் தெரிந்தால் டச் கண்ணாடி மட்டும் போதும். மை கொட்டினாற்போல் கறுப்பு பரவினால் எல்.சி.டி. போயிற்று. டச் கண்ணாடி வாங்கும்போது அங்குலம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஃப்ளெக்ஸ் கேபிளில் அச்சடித்த எண், பின் எண்ணிக்கை, கேபிள் வெளிவரும் இடம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வலப்பக்கம் தொட்டால் இடப்பக்கம் வேலை செய்யும்.

பென்சில் குத்திய ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு மட்டும் கிழிந்திருந்தால், வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து டிஷ்யூ காகிதத்தை இருபக்கமும் ஒட்டி ஓரிரவு காயவிடுங்கள். வயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிட்டது. முழு வால்யூமில் வைத்து விளையாடியதன் பலன். கையால் கூம்பை மெல்ல அழுத்தும்போது கரகர என்று உரசினாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய செட் வாங்கிப் போடுவதானால்

கொங்குப் பகுதியில் ஒரு எச்சரிக்கை அவசியம். கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. இங்குள்ள ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் பெரிய வண்டிகளிலிருந்து இறங்கிய செட்டுகளும் கலந்து கிடக்கும். பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் 24 வோல்ட். 24 வோல்ட் செட் காரில் விழிக்காது. அதேபோல் உங்கள் 12 வோல்ட் செட்டை லாரிப் பேட்டரியில் சோதித்தால் எரிந்துபோகும். மேல் மூடி ஸ்டிக்கரில் வோல்ட் எவ்வளவு என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள், சோதனைக்கு எந்தப் பேட்டரி என்றும் கேளுங்கள்.

வயர் நிறங்கள் வெளிச்சந்தை செட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுதான்: மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு சாவி, கறுப்பு எர்த், நீலம் ஏரியல். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். அந்த மைனஸ்களை ஒன்றாக முறுக்கி எர்த்தில் கொடுப்பது பழைய பழக்கம். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது. மைனஸை பாடியில் தொட்டால் செட் புரொடெக்ட் காட்டி நிற்கும், இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போகும்.

மாட்டும்போது கப்ளர்களையும் ஏரியலையும் செருகி, ஃபேஸியாவை மூடாமலே பேட்டரியை இணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கரும் பாடுகிறதா, எஃப்.எம். பிடிக்கிறதா, ரிவர்ஸ் போட்டால் கேமரா வருகிறதா, ஸ்டீயரிங் பட்டன் கேட்கிறதா, சாவியை எடுத்துப் போட்டால் ஸ்டேஷன் நினைவில் நிற்கிறதா. நினைவு நிற்கவில்லை என்றால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும் அல்லது பேக்கப் ஃப்யூஸை மறந்திருப்பீர்கள். எல்லாம் சரியென்றால் ஸ்க்ரூவை மட்டும் பூட்டி, ஃபேஸியா போடும் முன் மேடு பள்ளமான ரோட்டில் ஒரு சுற்று போய்வாருங்கள். செட்டுக்குள் கிலுகிலு என்று சத்தம் கேட்டால் உடனே ஆஃப் செய்து ஃப்யூஸைப் பிடுங்குங்கள், இன்னும் ஒரு காசு பாக்கி இருக்கிறது.